ஆகாயக் கணக்கு

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறுக்கு ஆகாய மார்க்கமாகத் தூரம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு மூன்று நிமிஷம்கூட ஆகாது. இப்படிக் கணக்குச் சொல்ல இன்று கணினி இருக்கிறது. இரண்டு ஊரிலும் விமான நிலையம் இல்லை என்ற சின்ன விஷயம் மட்டும் அதற்கு ஒரு பொருட்டில்லை. போகட்டும், யந்திரத்தோடு எனக்கென்ன சண்டை? அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, "பக்கத்து ஊர்தானே!" என்று பேசுகிற மனிதர்களோடுதான் என் சண்டை.

சாலை வழியே போனால் தூரம் ஏறக்குறைய இருமடங்கு. போடிமெட்டுக்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். 4,000 அடி உயரத்துக்கு மேல் ஏறவேண்டும். மழையில் மண் சரிந்துவிட்டால் அன்றைக்கு மூணாறு லண்டனைவிடத் தொலைவு.

"தூரம் என்பது விஞ்ஞானம் ஐயா, அதில் உம்முடைய இரக்கத்தைக் கலக்காதீர்" என்பார்கள். சரி, விஞ்ஞானமாகவே பேசுவோம். 2010-ஆம் ஆண்டுக் கடைசியோடு மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் நின்றது. அகலப் பாதையில் மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் மதுரை ஓர் அங்குலமாவது நகர்ந்ததா? தேசப்படத்தில் நகரவில்லை. பஸ்ஸுக்குக் கூடுதல் காசில்லாதவனுக்கு நகர்ந்தது.

இந்த மலையில் ஆகாய மார்க்கம் இருந்ததே இல்லை என்றும் நினைக்கவேண்டாம். இருந்தது! வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி அது கொட்டகுடிக்கு இறங்கிற்று. போடி வழியாகக் கப்பலேறப் போயிற்று. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது. ஆக, நூறு வருஷத்துக்கு முன்பே தேயிலைப் பெட்டி பறந்து இறங்கியது. பிழைக்கப் போனவர்கள் நடந்து ஏறினார்கள்.

இன்று ஏறுகிறவள் ஜீப்பில் ஏறுகிறாள். விடியுமுன்பே தூக்குவாளியோடு வந்து, நெருக்கியடித்து உட்கார்ந்து, எல்லை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறாள். அந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகளைப் படித்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். தோட்டத்தில் நின்ற நேரத்துக்குக் கூலி உண்டு. வளைவுகளில் கழிந்த நேரம் யார் கணக்கு?

அவள் பறித்த காய் போடி ஏல மையத்துக்கு வரும்போது 7 மில்லிமீட்டரா, 8 மில்லிமீட்டரா என்று சலித்துத் தரம் பிரித்து விலை வைக்கிறோம். காய்க்கு மில்லிமீட்டர் பார்க்கிற நமக்கு, அவளுடைய நாளில் ஜீப் தின்ற மணியைப் பார்க்கக் கடிகாரம் இல்லை!

பிரயாண நேரத்தையும் வேலை நேரமாகப் பேரேட்டில் எழுதுங்கள் என்கிறேன். கட்டுப்படியாகாது என்ற முணுமுணுப்பு என் காதில் விழுகிறது. ஐயா, அந்தச் செலவு புதிதாக முளைத்ததா? இத்தனை நாளும் அவள் தலையில் இருந்தது, அவ்வளவுதான். அதை ஒரு வருஷம் உங்கள் கணக்கில் ஏற்றிப் பாருங்கள். நல்ல பஸ்ஸும், சரியாத சாலையும், தோட்டத்துக்கருகே குடியிருக்க நல்ல வீடும் எவ்வளவு சீக்கிரம் வருகின்றன என்று நானும் பார்க்கிறேன்.