கூழ்ப்பந்தியும் காப்பிக்கடையும்: தமிழ் மிகுபுனைவு குறித்து ஒரு மறுப்பு

வரலாற்றுக் களத்தில் பேயையும் யட்சியையும் தெய்வத்தையும் மக்களோடு மக்களாக உலவவிட்டு நகைச்சுவையுடன் கதை கூறும் முறை மேலைநாட்டிலிருந்து தமிழுக்கு வந்த புதுச்சரக்கு என்னும் எண்ணம் ஆய்வரங்குகளில் வேரூன்றியுள்ளது. 'மாய யதார்த்தம்' என்ற முத்திரையைக் குத்திவிட்டால் ஆய்வு நிறைவுற்றது எனக் கருதுவாரும் உளர். இவ்வெண்ணம் பிழையானது. தம் வீட்டுப் பரணில் இருப்பதை அறியாதவரே அதனை அயல்வீட்டில் தேடுவர்.

கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை அமைந்துள்ள காரியவட்டத்தை அடுத்த ஊர் கழக்கூட்டம். திருவிதாங்கூர் அரசுரிமைப் பூசலில் மார்த்தாண்டவர்மரை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர். அப்பூசலைப் பொருளாகக் கொண்டு சி.வி. ராமன்பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள நாவலில், அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே பஞ்சவன்காட்டு நீலியும் வந்து நிற்கிறாள். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதிஹ்யமாலை'யில் கடமற்றத்துக் கத்தனார் யட்சி ஒருத்தியின் தலையில் ஆணியடித்து அவளை வீட்டு வேலைக்காரியாக்குகிறார். பேன் பார்க்கும்போது கிழவி ஒருத்தி அவ்வாணியைக் கண்டு பிடுங்கிவிட, யட்சி மறைகிறாள். அச்சமூட்டும் யட்சியைப் பேன் பார்க்கும் திண்ணைக்குக் கொண்டுவந்த இக்கற்பனைக்கு அயல்நாட்டுக் கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

தமிழில் இதற்கு முதற்சான்றாக நிற்கத்தக்கது செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரையும் கருணாகரத் தொண்டைமானின் வெற்றியையும் அறிய உதவும் வரலாற்று மூலமாகவே இந்நூல் பெரிதும் ஆராயப்பட்டது. ஆனால் அவ்வரலாற்றைக் கூறுவோர் யாவர்? சோழர் குலமரபைக் காளியின் அவைக்களத்தில் எடுத்துரைப்பது, இமயத்தில் இந்திரசாலம் கற்று மீண்ட முதுபேய். அப்பேய் தன் வித்தையால் போர்க்களத்தைக் காட்ட, பசித்த பேய்கள் பொய்ப்பிணத்தின்மேல் விழுந்து வெறும் வாயை மென்று ஏமாறுகின்றன. ஏமாந்த கூட்டம் அவ்வித்தையை நிறுத்தச் சொல்லி முறையிடும் இடத்தில் நகையாது கடக்கும் வாசகர் அரியர். நகையாது கடக்கும் ஆய்வேடுகளோ பல.

பேய்களின் ஒழுகலாறே இங்கு உற்றுநோக்கத்தக்கது. அவை கூழ் அடுவதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன. விலாவெலும்பால் நா வழிக்கின்றன. எண்ணெய் போக மூளையைக் களியாகத் தேய்த்துக் குருதியில் நீராடுகின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், சூற்பேய், விருந்தாக வந்த பேய் என ஒவ்வொன்றுக்கும் உரிய மரியாதையும் உரிய படையலும் உண்டு. சமணப் பேயின் நோன்பு கெடாதவாறு கூழை வடித்து வார்க்கச் சொல்லும் கரிசனம், உயர்குடி விருந்தோம்பலின் மீதான எள்ளலன்றி வேறென்ன? நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். ஆயினும் இப்பகுதியை அச்சத்துக்கும் இளிவரலுக்கும் எடுத்துக்காட்டாக மட்டும் காட்டி நகர்வது உரைமரபாகிவிட்டது.

பரணி செய்யுள், நாவல் அன்று என்று மறுக்கலாம். வடிவ வேறுபாடு உண்மையே. ஆனால் இங்கு வினா கதைகூறும் முறையைப் பற்றியது. அம்முறை 12ஆம் நூற்றாண்டிலேயே நிறைவாக உள்ளது. இதைவிட வலிய மறுப்பு ஒன்று உண்டு. அக்கூழ் கலிங்கர் உடலால் ஆனது; சமண, புத்தப் பேய்களின் மேல் விழும் சிரிப்பில் சமயக் காழ்ப்பும் கலந்துள்ளது. இது மெய். இதனாலேயே அந்நகையை ஆராய வேண்டியுள்ளது. யார் யாரைக் கண்டு சிரிக்கிறார் என்று கேளாமல் 'வீரச்சுவை' என ஒதுக்குவோர் வென்றவன் மெய்க்கீர்த்தியைப் படியெடுப்பவராகவே எஞ்சுவர்.

இதே தவறு புதுமைப்பித்தன் ஆய்விலும் தொடர்கிறது. 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்த அவரது 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்', சமூக விமரிசனம் என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ் அடைபட்டுக் கிடக்கிறது. அக்கதையில் கடவுள் சென்னைத் தெருவில் தோன்றிக் காப்பி அருந்துகிறார். பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகிறார். கைலாசபுரத்துப் பெரியப்பாவாக வீட்டுக்குள் நுழைகிறார். அக்கதையின் ஆற்றல் கடவுளை இகழ்வதில் இல்லை. உறவுமுறைக்குள் வந்துவிட்ட கடவுளை எப்படி நடத்துவது என்று இல்லத்தார்க்கு ஐயமே எழாமையில் உள்ளது. பரணியின் பந்தி விசாரணையும் இதுவும் ஒரே கொடிவழியின என்று காட்டும் ஒப்பாய்வுக்கு இடமிருந்தும் முயல்வார் அரியர்.

வரலாற்று நாவலின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கல்கிக்கு நகைச்சுவை கைவந்த கலை, ஆழ்வார்க்கடியானே சான்று. ஆனால் அவரது சோழநாட்டில் சிரிப்பு மனிதரோடு நின்றுவிட்டது. அவர் வழிவந்தோர் பலர் சிரிப்பையும் கைவிட்டுக் குதிரைக் குளம்படியை மட்டும் வைத்துக்கொண்டனர். பரணியிலிருந்து சோழர் பெயர்களை எடுத்துக்கொண்டவர்கள், அப்பெயர்களைச் சொன்ன பேயை வெளியே நிறுத்திவிட்டனர். 1997இல் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' தொன்மத்தையும் அங்கதத்தையும் பெருநாவலுக்குள் மீட்டபோது, அதனை எவ்வகையில் சேர்ப்பது எனத் திறனாய்வு தடுமாறியதற்கு இவ்விடைவெளியும் ஒரு காரணம்.

பரணியின் பாடத்திட்டப் பகுதி பெரும்பாலும் 'போர் பாடியது' என்பதோடு அமைகிறது. அதனை அடுத்துள்ள 'களம் பாடியது', கூழ்ப்பந்தியோடு முழுமையாக, முதுகலை மாணவர் கையில் தரப்பட வேண்டும். அதற்கு அடுத்த வாரமே கந்தசாமிப் பிள்ளையும் வகுப்பறைக்கு வரலாம்.