ஆர்.ஈ.எம்: முன்னால் வராத கிட்டார்

எங்கட ஊர்த் தம்பிமார் கிட்டார் வாசிக்கிற வீடியோக்கள் அடிக்கடி என் கண்ணில் படுகின்றன. எல்லாம் ஒரே மாதிரிதான். விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் போட்டி. கீழே "மாஷா அல்லாஹ், சுப்பர் ஸ்பீட்" என்று கமெண்ட் வரிசை. வேகம் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிட்டார் என்றால் அவ்வளவுதான் என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. அதனால் பீட்டர் பக் என்ற கிட்டார் கலைஞரைப் பற்றி இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. அங்கே ஒரு இசைத்தட்டுக் கடையில் வேலை செய்தவர் பக். கடைக்கு வந்துபோன மைக்கேல் ஸ்டைப் பாடகரானார். பேஸ் கிட்டாருக்கு மைக் மில்ஸ், ட்ரம்ஸுக்கு பில் பெரி. 1980இல் ஆர்.ஈ.எம். குழு தொடங்கியது. ஆல்டர்நேட்டிவ் ரொக் என்ற பெயர் உலகமெல்லாம் பரவுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அந்தப் பாதையை வெட்டியவர்களில் இவர்களும் அடக்கம்.

பக்கின் பாணியைச் சொல்வது லேசு, செய்வது கஷ்டம். நாலைந்து சுரங்களைச் சேர்த்து ஒரே இழுப்பில் அடிப்பதுதான் ரொக்கில் வழக்கம். பக் தன் கறுப்பு ரிக்கன்பேக்கர் கிட்டாரில் அந்தச் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டுவார். விரல் வைக்காத தந்திகளையும் தொடர்ந்து ஒலிக்க விடுவார். மணி அடித்து ஓய்வதற்குள் அடுத்த மணி அடிப்பதுபோல் அது கேட்கும். 60களில் தி பேர்ட்ஸ் குழு வாசித்த முறையின் சாயல் அதில் உண்டு. தனியாக முன்னால் வந்து நீட்டி முழக்கும் சோலோ அநேகமாக இருக்காது. பல பாட்டுகளில் மெட்டைச் சுமந்து போவது மில்ஸின் பேஸ்தான். ஒருவர் இடம் விட்டதால் மற்றவருக்கு இடம் கிடைத்தது.

இது கைத்திறன் போதாமல் செய்த காரியம் என்று நினைப்பவர்கள் 1983இல் வந்த முதல் முழு அல்பமான 'மேர்மர்' எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். கம்பனி முதலில் ஒரு தயாரிப்பாளரைக் கொண்டுவந்தது. அவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார், மேலே சிந்தசைசரையும் பூசினார். குழுவுக்கு அது ஒத்துவரவில்லை. கிட்டார் சோலோவும் வேண்டாம், அன்றைய நாகரிகமான சிந்தசைசரும் வேண்டாம் என்று உறுதியாக நின்று, மிட்ச் ஈஸ்டர், டொன் டிக்சன் என்ற இருவரோடு பதிவு செய்தார்கள். அந்த வருடம் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகையே ஆட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையின் விமர்சகர்கள் வருடத்தின் சிறந்த அல்பமாக 'மேர்மரை'த்தான் தெரிந்தார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. மெட்டை யார் கொண்டுவந்தாலும் வரிகளை யார் எழுதினாலும், பாட்டுக்குக் கீழே பெரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நான்கு பெயரும் அகர வரிசையில் வரும். வருமானமும் சம பங்கு. எங்கட ஊரில் பெயர்ப் பலகையில் யாருடைய பெயர் மேலே வருவது என்ற சண்டையில் இரண்டாக உடைந்த சங்கங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்கின் கிட்டார் அப்படி ஒலிப்பதற்கும் இந்தப் பங்கீட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் கருத்து. தன் பங்கு எங்கேயும் போகாது என்று தெரிந்தவனுக்கு, ஒவ்வொரு பாட்டிலும் தன்னை நிரூபிக்க வேண்டிய தேவை இல்லை.

இனி 1991இல் வந்த 'லூசிங் மை ரிலிஜன்'. தலைப்பைப் பார்த்துவிட்டு "இது மார்க்கத்தை விடச் சொல்கிற பாட்டு, இதையா சேர் கேட்கிறீங்க?" என்று ஒருவர் எனக்கு இன்பொக்ஸில் கேட்டிருந்தார். அமெரிக்காவின் தென்பகுதியில் அது ஒரு பேச்சு வழக்கு. பொறுமை எல்லை கடந்து போனால் அப்படிச் சொல்வார்கள். "உயிரை வாங்குறான்" என்று நாம் சொன்னால் பொலிஸ் கொலை வழக்குப் போடுகிறதா? பாட்டு, திரும்பக் கிடைக்காத அன்பைப் பற்றியது. பக் அப்போது புதிதாக மெண்டலின் வாங்கி, டீவி பார்த்துக்கொண்டே பழகியபோது கையில் வந்த மெட்டு அது. பெரிய கிட்டார் கலைஞர் மாணவனாக உட்கார்ந்த நேரத்தில் கிடைத்ததுதான் அவர்களுடைய மிகப் பெரிய வெற்றி. கோரஸ் என்று சொல்ல ஒன்றுமில்லாத அந்தப் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 4ஆம் இடம் வரை போனது.

எல்லாம் நல்லது என்று புகழ்ந்துகொண்டிருக்கவும் மாட்டேன். 1995இல் சுவிட்சர்லாந்து மேடையில் பெரிக்கு மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது. பிழைத்துக்கொண்டார். 1997இல், தன்னால் குழு கலையக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, விலகி விவசாயத்துக்குப் போனார். அதன் பிறகு குழுவின் நடை தளர்ந்தது உண்மை. 2004இல் வந்த 'அரவுண்ட் த சன்' எனக்கு உப்பில்லாத கஞ்சி மாதிரி. பக்குக்கே அந்த அல்பத்தில் திருப்தி இல்லை.

ஆனால் இவர்கள் விட்டுச் சென்றதைத் தேடுபவர்கள் நிர்வானாவின் கேர்ட் கோபேனைப் பாருங்கள். சத்தமே உருவான அந்த மனிதர், இவர்கள் புகழைத் தாங்கிய விதத்தை மெச்சினார். தன் இசையும் அந்தப் பக்கம் நகர வேண்டும் என்று விரும்பினார். 1995இல் இவர்களுக்கு முன் மேடையேறிய ரேடியோஹெட் குழுவின் தொம் யோர்க்கும் இவர்களைக் கொண்டாடியவர்தான். வேகமாக வாசிக்க இவர்களிடம் யாரும் கற்கவில்லை.

2011இல் சண்டை, வழக்கு எதுவும் இல்லாமல் குழுவை முடித்துக்கொண்டார்கள். திரும்பச் சேருங்கள் என்று எவ்வளவோ பேர் கேட்டும் சேரவில்லை. 2024 ஜூனில் நியூயோர்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவம் ஒன்றைப் பெறப் போன இடத்தில், பெரியும் சேர்ந்து நால்வருமாக அந்த மெண்டலின் பாட்டை ஒருமுறை வாசித்தார்கள். ஒரே ஒரு பாட்டுத்தான்.

கிட்டார் பழகுகிற தம்பிமாருக்கு: 'மேர்மரை' ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். முதல் தடவை கிட்டாரை மட்டும் கவனியுங்கள், இரண்டாம் தடவை பேஸை மட்டும். கிட்டார் எந்த இடத்தில் விலகி நிற்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். அதைப் பற்றி இன்னும் பேசுவோம்.