படகு குடிக்கும் டீசல்
பெரிய என்ஜின் லாபமா? நிதான ஓட்டம் லாபமா?

ஜூன் 14-ந் தேதி நள்ளிரவு. கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. காசிமேடு, நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி — எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே பரபரப்பு! ஐஸ் பெட்டிகள் ஏறுகின்றன. வலைகள் ஏறுகின்றன. அரிசியும் குடிதண்ணீரும் ஏறுகின்றன. இவை எல்லாவற்றையும்விட அதிகப் பணம் விழுங்கும் பொருள் ஒன்றும் ஏறுகிறது. அதுதான் டீசல்.

மீன் கிடைக்குமா, கிடைக்காதா என்பது கடலுக்குத்தான் தெரியும். ஆனால் டீசல் எரிவது நிச்சயம். வலையில் மீன் விழுவதற்கு முன்பே செலவு விழுந்துவிடுகிறது.

இது படகு முதலாளியின் கவலை மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். விசைப்படகுத் தொழிலில் சம்பளம் கிடையாது, பங்குதான். ஏலத்தில் மீன் விற்ற பணத்தில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சம் இருப்பதைத்தான் முதலாளியும் தொழிலாளிகளும் பிரித்துக்கொள்வார்கள். மிச்சம் இல்லையென்றால் பங்கும் இல்லை! ஆகவே, படகு ஒரு லிட்டர் அதிகம் குடித்தால், அது தொழிலாளி வீட்டு அடுப்பிலிருந்தும் எடுத்துக் குடிக்கிறது என்றே பொருள்.

என்ஜின் வந்த கதை

கட்டுமரத்துக்கும் பாய்மரத்துக்கும் காற்றுதான் எரிபொருள். அதற்குக் காசு இல்லை. 1953-ல் கேரளத்தின் நீண்டகரையில் இந்தியா - நார்வே கூட்டுத் திட்டம் தொடங்கியது. என்ஜின் பொருத்திய மீன்பிடிப் படகுகள் நம் நாட்டில் பரவ அது வழிகாட்டியது. தமிழ்நாட்டுக் கரைக்கும் அதே பத்தாண்டில் விசைப்படகுகள் வந்தன. அப்போது படகுகள் சிறியவை, என்ஜினும் சிறியது. மீன் கரைக்குப் பக்கத்திலேயே கிடைத்தது.

பிறகு படகுகள் பெருகின. பக்கத்துக் கடலில் மீன் குறைந்தது. தூரம் கூடியது. தூரம் கூடியதால் என்ஜினும் பெரிதாயிற்று. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. அதன்பின் உலகச் சந்தை விலையும் வரியும் சேர்ந்து மீனவரின் கணக்கை ஆட்டிவைக்கின்றன. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகும், சென்னையில் டீசல் விலை 92 ரூபாய்க்கு மேல் நின்றது.

ஒரு சின்னக் கணக்கு

மீனவருக்குத் தமிழ்நாடு அரசு விற்பனை வரி இல்லாத டீசல் தருகிறது. விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்று இருந்ததை 19,000 லிட்டராக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். இது பெரிய உதவிதான். ஆனால் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பழைய படகு. அதில் 100 குதிரைச் சக்தி என்ஜின். முழு வேகத்தில் முடுக்கினால் மணிக்குச் சுமார் 18 லிட்டர் குடிக்கும். எல்லா நேரமும் முழு வேகம் இராது. ஆகவே சராசரி 15 லிட்டர் என்று வைப்போம். ஒரு பயணத்துக்கு 20 மணி நேர ஓட்டம் என்றால் 300 லிட்டர். ஆண்டுக்கு 100 பயணம் என்றால் 30,000 லிட்டர். அரசு தருவது 19,000 லிட்டர். மீதி 11,000 லிட்டரை முழு விலை கொடுத்து வெளியில் வாங்க வேண்டும்!

இதே படகு நாலில் ஒரு பங்கு டீசலை மிச்சப்படுத்தினால்? 7,500 லிட்டர் மிச்சம். வெளியில் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 6,75,000 ரூபாய்! அது வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தை அடைக்கும். அடகுக் கடையில் இருக்கும் நகையை மீட்கும்.

அப்படி மிச்சப்படுத்த முடியுமா? முடியும். அதற்கு முதலில் பெரிய என்ஜின் மேல் உள்ள மோகத்தை விட வேண்டும்.

தண்ணீரின் சட்டம்

பெரிய என்ஜின் கேட்பவர்களிடமும் நியாயம் உண்டு. முதலில் கரை சேர்ந்த படகுக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும். புயல் சின்னம் வந்தால் விரைந்து திரும்பலாம். பக்கத்துப் படகு வேகமாக வலை இழுக்கும்போது நம் படகு மட்டும் பின்தங்கலாமா என்ற போட்டியும் இருக்கிறது.

ஆனால் தண்ணீருக்கு ஒரு சட்டம் உண்டு. ஓடும் படகு தன் முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை பெரிதாகும். தண்ணீரில் 36 அடி நீளம் கிடக்கும் படகுக்கு மணிக்கு 8 கடல் மைல்தான் இயல்பான எல்லை. அதற்கு மேல் போக வேண்டுமானால், தான் எழுப்பிய அலை மீதே படகு மலையேறுவதுபோல் ஏற வேண்டும். என்ஜினை இரட்டிப்பாக்கினாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும். டீசல் மட்டும் இரட்டிப்பாக எரியும்.

இந்தச் சட்டத்தின் மறுபக்கம் நமக்கு நன்மை. வேகத்தைச் சற்றுக் குறைத்தால் டீசல் நிறையக் குறையும். மீன்பிடிக்கும் இடம் 24 கடல் மைல் தூரம் என்று வைப்போம். போக வர 48 மைல். மணிக்கு 8 மைல் வேகத்தில் 6 மணி நேரம் ஆகும். 7 மைல் வேகத்தில் போனால் 51 நிமிடம் கூடுதலாகும். ஆனால் அந்தத் தூரத்துக்கு எரியும் டீசலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிஞ்சும். முக்கால் மணி நேரப் பொறுமைக்கு இவ்வளவு கூலி வேறு எந்தத் தொழிலில் கிடைக்கும்?

எந்த என்ஜின் வாங்குவது?

பழைய படகின் என்ஜின் ஓய்ந்துவிட்டது. மூன்று வழிகள் உண்டு. பழையதையே பிரித்துப் புதுப்பிப்பது. லாரியில் ஓடிய என்ஜினை வாங்கிக் கடலுக்கு ஏற்றபடி மாற்றிப் பொருத்துவது. கடலுக்கென்றே செய்த புது என்ஜின் வாங்குவது.

லாரி என்ஜின் விலை மலிவு. பணிமனையும் உதிரி பாகமும் எங்கும் கிடைக்கும். ஆனால் லாரி மேட்டில் ஏறும்போதுதான் முழுப் பலமும் காட்டும், இறக்கத்தில் இளைப்பாறும். வலை இழுக்கும் படகுக்கோ மணிக்கணக்கில் மேடுதான்! இறக்கமே இல்லை. அதோடு உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்கும். ஆகவே வாங்கும் விலையை மட்டும் பார்க்கக்கூடாது. ஐந்து வருஷத்துக்கு அது குடிக்கப் போகும் டீசலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய மரப் படகில் அளவுக்கு மீறிய என்ஜினை ஏற்றினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் அதிர்ச்சியில் பலகை இணைப்புகள் தளரும், தண்ணீர் கசியும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டின் 2020-ம் ஆண்டு மீன்பிடி விதிகளின்படி, 240 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட என்ஜின் விசைப்படகில் கூடாது.

என்ஜினைவிட முக்கியமானது தண்ணீருக்குள் சுழலும் விசிறி. வலை இழுக்கும் படகுக்குப் பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வதே நல்லது. சிறிய விசிறி வேகமாகச் சுழன்றால் தண்ணீரைக் கலக்குமே தவிர, படகைத் தள்ளாது. என்ஜினுக்கும் விசிறிக்கும் நடுவில் உள்ள கியர் பொருத்தமாக இருந்தால் சிறிய என்ஜினே நன்றாக இழுக்கும்.

செலவில்லாத சிக்கனம்

61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் இருக்கிறது. அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, வர்ணம் பூச வேண்டும். வளைந்த விசிறியை நிமிர்த்த வேண்டும். டீசல் தெளிக்கும் குழல்களைச் சோதிக்க வேண்டும். புகைக்குழாயில் கறுப்புப் புகை வந்தால், அது எரியாமல் வெளியேறும் டீசல். அதாவது, காற்றில் பறக்கும் ரூபாய் நோட்டு!

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்த வழியில் ஒரு கப்பலையே வடிவமைத்தது. 'சாகர் ஹரிதா' என்று பெயர். 2016-ல் கடலில் இறங்கியது. அதே அளவுள்ள மற்றக் கப்பல்களைவிட 20 சதவீதம் குறைந்த சக்தி உள்ள என்ஜின் அதற்குப் போதுமானதாயிற்று. என்ஜினைப் பெரிதாக்காமல் உடல் வடிவத்தைத் திருத்தினார்கள். அதுதான் ரகசியம்.

பாக் நீரிணைப் பகுதி மீனவர்கள் இழுவைப் படகை விட்டு, ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சூரை பிடிக்க 2017-ல் ஒரு திட்டம் வந்தது. படகின் விலை அப்போது 80 லட்ச ரூபாய். மத்திய அரசு பாதியும், மாநில அரசு 20 சதவீதமும் கொடுப்பதாக இருந்தது. மீனவர் 8 லட்சம் போட்டு, 16 லட்சம் கடன் வாங்க வேண்டியிருந்தது. தூண்டிலுக்கு வலை இழுக்கும் செலவு இல்லை. ஆனால் தூரம் அதிகம்; பல நாள் கடலில் தங்க வேண்டும்; தொழிலும் புதிது. கடன் வாங்கத் தயங்குபவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே பழைய படகுகள் இன்னும் பல ஆண்டு ஓடத்தான் போகின்றன. மானிய டீசலை உயர்த்தும் அரசு, பழைய படகுக்குப் பொருத்தமான என்ஜினும் விசிறியும் வாங்க எளிய கடன் கொடுத்தால், கொடுக்கும் மானியம் புகையாகப் போகாது. மீனவர்களும் அடுத்த என்ஜின் வாங்கும்போது "எத்தனை குதிரை?" என்று மட்டும் கேட்காமல், "மணிக்கு எத்தனை லிட்டர்?" என்றும் கேட்க வேண்டும்.

குதிரை பெரிதானால் தீனியும் பெரிது. தீனி போடுவதோ படகில் போகும் எல்லாருடைய பங்கும்!