ஆல்பம் இல்லாதவைக்கு என்ன பரிசு?

பெரியாக்களின்ர கலியாண நாள் வருகுது எண்டால் நாங்கள் செய்யிறது ஒண்டுதான். பழைய கலியாணப் படத்தைத் தேடியெடுத்து, தேத்தண்ணிக் கோப்பையிலயோ சுவர்மணிக்கூட்டிலயோ அச்சடிச்சுக் குடுத்துவிடுவம். காங்கேசன்துறைத் தம்பதிகள் கனபேருக்கு அது சரிவராது. அவையிட்ட அந்தப் படமே இல்லை.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க, வலிகாமம் வடக்குச் சனம் கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்டது. கெதியில் திரும்பலாம் என்று அலுமாரியைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் பலர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் ரயிலும் அந்த ஆண்டோடு நின்றன. ரயில் திரும்ப வந்தது 2015 ஜனவரியில். காணிகள் கட்டங்கட்டமாகத்தான் விடுபட்டன, இன்னும் விடுபடாதவையும் உண்டு. போய்ப் பார்த்தவர்களில் பலருக்கு வீடே இல்லை. பிறகு அலுமாரி எங்கே, ஆல்பம் எங்கே?

எங்கட தோழி ஒருத்தியின்ர அம்மம்மாவுக்கும் தாத்தாவுக்கும் இது ஐம்பதாவது வருசம். தாத்தா சீமெந்துத் தொழிற்சாலையில வேலை செய்தவர். நாங்களும் முதலில் கெட்டித்தனம் காட்டப் போனம். அவையின்ர இப்போதைய முகங்களைக் குடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒண்டில மணவறைப் படம் செய்விச்சம். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்திட்டு, "நல்ல வடிவான பிள்ளை. ஆரிது?" எண்டு கேட்டா.

எங்களுக்கு வெட்கமாப் போச்சு. தொலைந்த படத்தின் இடத்தில் வேறொருத்தியின் முகத்தை வைத்திருக்கிறோம். இல்லாததை இருக்கிற மாதிரிக் காட்டுவது பரிசு இல்லை, அது அவர்களுடைய இழப்பை மூடி மறைப்பது. எங்கள் வாதம் இதுதான்: படம் இல்லாதவர்களுக்குப் படம் செய்து குடுக்காதேங்கோ. கேட்டு, எழுதிக் குடுங்கோ.

பிறகு நாங்கள் செய்தது சின்ன வேலை. ரெண்டு பேரிட்டயும் தனித்தனியாத் தாளும் பென்சிலும் குடுத்து, கலியாணம் கட்டிப் போன வீட்டைக் கீறச் சொன்னம். தாத்தா கிணத்தைக் கிழக்கால போட்டார், அம்மம்மா குசினிக்குப் பின்னால போட்டா. "தண்ணி அள்ளினது ஆர், நானோ நீங்களோ?" எண்டு ஒரு சண்டை. கொடியில காயப்போட்ட வேட்டியில படிஞ்ச சீமெந்துத் தூளும், கீரிமலைக்கு நடந்து போன பாதையும் அந்தச் சண்டைக்குள்ளயிருந்துதான் வந்தது. எது சரி எண்டு நாங்கள் தீர்க்கேல்லை. ரெண்டு படத்தையும் அப்படியே வைச்சு, சொன்னதுகளை அவையின்ர பேச்சிலயே எழுதினம்.

வைக்கிறதுக்குச் சார்வோலையில ஒரு பெட்டி இழைச்சம். ஓலையைக் காயவைச்சு, வார்ந்து, சாயத்தில அவிச்சு எடுக்கப் பக்கத்து வீட்டு ஆச்சி காட்டித் தந்தா. எங்கட பெட்டி ஒரு பக்கம் சரிஞ்சுதான் நிக்குது. மூடியும் கொஞ்சம் இறுக்கம்.

"ஏன் பழசைக் கிளறுறியள்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் 1990 பற்றி நாங்களாக ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வீடு, சமையல், முதல் சண்டை, முதல் சம்பளம், இவ்வளவுதான். தாத்தா தானாக அந்த ஜூன் மாதத்துக்குப் போனார், பாதியில் நிறுத்தினார். நாங்களும் பேனையை வைத்துவிட்டோம். அந்தத் தாள் பாதி வெறுமையாகவே பெட்டிக்குள் இருக்கிறது. கேட்கத் தெரிந்தால் போதாது, நிறுத்தவும் தெரிய வேணும்.

இடப்பெயர்வு பற்றி அறிக்கைகள் எத்தனையோ வந்துவிட்டன. குசினிக்கு எந்தப் பக்கம் கிணறு இருந்தது என்று எந்த அறிக்கையிலும் இருக்காது. அது தெரிந்தவர்கள் இன்றைக்கு எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அந்த வளவில் நடந்த கலியாணத்தை 1990க்குப் பிறகு பிறந்த நாங்கள் பார்க்கவில்லை, வீட்டையும் பார்க்கவில்லை. கேட்டால்தான் உண்டு.

அடுத்த கலியாண நாளுக்குக் கோப்பைக்குச் சொல்லிவைக்க முதல், ரெண்டு தாளும் ரெண்டு பென்சிலும் கொண்டு போங்கோ. ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில இருத்தாதேங்கோ, பாத்துக் கீறுவினம்.