ஆயிரம் ரூபாயில் முடியாத மோதல்: எதிர் வண்டிக்காரரிடம் என்ன விவரம் வாங்க வேண்டும்?

சென்னை ஓ.எம்.ஆரில் மாலை நேரத்தில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் காட்சிதான். சிக்னலில் நிற்கும் காரின் பின் பம்பரில் இன்னொரு கார் வந்து முட்டும். இரண்டு பேரும் இறங்குவார்கள். "பார்த்து வரக் கூடாதா சார்?", "நீங்க ஏன் திடீர்னு பிரேக் அடிச்சீங்க?" என்று ஒரு நிமிஷம் போகும். பின்னால் ஹாரன் சத்தம் கூடும். டிராஃபிக் போலீஸ்காரர் தூரத்திலிருந்தே "வண்டியை ஓரங்கட்டுங்க" என்பார். கடைசியில் ஆயிரமோ இரண்டாயிரமோ ஜிபேயில் கைமாறும். இல்லையென்றால் "சரி விடுங்க, போங்க" என்பதோடு முடிந்துவிடும்.

இவ்வளவுக்கும் நடுவில் நடக்காத ஒரே விஷயம், ஒருவர் விவரத்தை மற்றவர் வாங்கிக்கொள்வது. பெயர் தெரியாது, செல் நம்பர் தெரியாது, எந்த கம்பெனி இன்ஷூரன்ஸ் என்பதும் தெரியாது. வண்டி நம்பரைக்கூடப் பலர் குறித்துக்கொள்வதில்லை. இன்ஷூரன்ஸ் பேப்பரைக் கேட்டால் வம்புக்கு இழுக்கிறோம் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் ஒரு பக்கம். காசு கொடுத்தாச்சு, கதை முடிந்தது என்ற நிம்மதி இன்னொரு பக்கம். இரண்டுமே தப்புக் கணக்கு. பணம் கைமாறினாலும் மாறாவிட்டாலும் விவரம் கைமாறாமல் அந்த இடத்தை விட்டு வண்டியை எடுக்கக் கூடாது.

காசு கொடுத்தால் முடிந்துவிடுமா?

முதலில் பணம் கொடுப்பவர் பக்கம். இந்தியாவில் விற்கப்படும் மோட்டார் பாலிசிகளில் பெரும்பாலும் யாரும் படிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பாலிசிதாரர் தப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது என்பதுதான் அது. நடுரோட்டில் "என் மேலதான் தப்பு, இந்தாங்க மூவாயிரம்" என்று சொல்வது மனிதத்தன்மையாகத் தோன்றலாம். ஆனால் மறுநாள் எதிராளி "கழுத்து வலிக்குது, ஆஸ்பத்திரி செலவு எழுபதாயிரம்" என்று வந்தால், கம்பெனி முதலில் புரட்டுவது அந்த நிபந்தனையைத்தான்.

இதில் இன்னொரு சிக்கல். பணம் கொடுத்தவரிடம் எதிராளியின் பெயரும் இல்லை, சேதத்தின் போட்டோவும் இல்லை. "இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டார்" என்று வண்டி நம்பரோடு யாராவது ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால், நின்றதற்கும் பேசியதற்கும் ஆதாரமாக அவரிடம் இருப்பது ஒரு ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டுமே. அதுவும் எதற்கான பணம் என்ற குறிப்பு இல்லாமல்.

பணம் வாங்கியவர் பக்கம் இதைவிட மோசம். பம்பரில் வெளியே தெரிவது கீறல்தான். ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்த பிறகுதான் உள்ளே கிளிப் உடைந்ததும், பார்க்கிங் சென்சார் போனதும் தெரியவரும். டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் பதினெட்டாயிரம் என்று வைத்துக்கொள்வோம். கையில் வந்தது இரண்டாயிரம். மீதிக்கு யாரைத் தேடுவது?

சொந்த பாலிசி இருக்கிறதே என்பவர்களுக்கு

இங்கே நடைமுறை கொஞ்சம் விசித்திரமானது. எதிர் வண்டிக்காரரின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு, "உங்க பாலிசிதாரர் என் காரை இடிச்சுட்டார், பணம் கொடுங்க" என்றால் பெரும்பாலும் வேலைக்காகாது. எதிராளியின் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸிலிருந்து பணம் வாங்கும் வழி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழியாகப் போகிறது. அதற்கு வக்கீல் வேண்டும், மனு வேண்டும், பொறுமை வேண்டும். அதனால் தப்பே செய்யாதவர்கூட தன்னுடைய ஓன் டேமேஜ் பாலிசியில் க்ளைம் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார். நேரத்தை நினைத்தால் அதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் அது இலவசம் இல்லை. ஐந்து வருஷம் க்ளைம் இல்லாமல் ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் நோ க்ளைம் போனஸ் கிடைக்கும். பிரீமியம் 12,000 ரூபாய் என்றால் அவர் கட்டுவது 6,000. ஒரே ஒரு க்ளைம் போட்டால் அந்த போனஸ் பூஜ்யமாகிவிடும். அதன்பிறகு 20, 25, 35, 45 என்று படி ஏறித்தான் மறுபடி 50-க்கு வர முடியும். பிரீமியம் அப்படியே 12,000-லேயே நிற்கிறது என்று வைத்தால், அந்த ஐந்து வருஷத்தில் கூடுதலாகப் போவது 15,000 ரூபாய். இதற்கு மேல் கட்டாயக் கழிவு வேறு: 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஆயிரம், அதற்கு மேல் இரண்டாயிரம். போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் வாங்கி வைத்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு.

ஆக, எட்டாயிரம் ரூபாய் வேலைக்கு க்ளைம் போடுவது பலருக்கு நஷ்டம். இடித்தவரே கைக்காசு கொடுப்பதுதான் நியாயமான தீர்வு. அந்தக் காசை எஸ்டிமேட் வந்த பிறகு கேட்பதற்குத்தான் அவர் பெயரும் நம்பரும் வேண்டியிருக்கிறது. இன்ஷூரன்ஸுக்குப் போனாலும் விவரம் வேண்டும், போகாவிட்டாலும் விவரம் வேண்டும்.

"எனக்குத்தான் மூணு வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கே" என்பவர்கள் ஒரு நிமிஷம் பாலிசியைத் திறந்து பார்ப்பது நல்லது. 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று வருஷமும், புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருஷமும் தேர்டு பார்ட்டி காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும். ஓன் டேமேஜ் பகுதி பலருக்கு ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். அது காலாவதியானது தெரியாமல், "இன்ஷூரன்ஸ் ஓடுது" என்ற நம்பிக்கையில் சுற்றுபவர்கள் நிறைய. அப்படிப்பட்டவரின் காரை இன்னொருவர் இடித்தால், க்ளைம் போட அவருக்கு சொந்த பாலிசியே கிடையாது. எதிராளியின் விவரம்தான் ஒரே வழி.

இரண்டு நிமிஷ வேலை

எடுக்க வேண்டியது பெரிய பட்டியல் இல்லை. எதிர் வண்டியின் நம்பர் பிளேட்டும் சேதமும் ஒரே போட்டோவில் விழ வேண்டும். தனித்தனியாக எடுத்தால் எந்த வண்டியின் சேதம் என்ற கேள்வி வரும். இரண்டு வண்டிகளும் நின்ற நிலையில், ரோடு தெரிகிற மாதிரி இன்னொன்று. ஓரங்கட்டுவதற்கு முன்பே இவற்றை எடுத்துவிட வேண்டும். ஹாரன் அடிப்பவர்கள் பத்து விநாடி காத்திருக்கட்டும்.

அடுத்து, ஓட்டுநரின் பெயரும் செல் நம்பரும். சொல்லும் நம்பரை எழுதிக்கொள்வதோடு விடாமல், அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்ப்பது உத்தமம். எதிரில் நிற்பவரின் போன் அடிக்க வேண்டும். அவர் காரின் உரிமையாளர்தானா, கால் டாக்ஸி டிரைவரா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். "ஓனர்கிட்ட பேசிக்குங்க சார்" என்றால் ஓனர் நம்பரையும் வாங்க வேண்டும். பழைய கார் வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவர்களும் உண்டு; ஆர்.சி.யில் ஒருவர், பாலிசியில் ஒருவர், ஸ்டீயரிங்கில் மூன்றாமவர்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். கம்பெனி பெயர், பாலிசி எண், முடியும் தேதி, இந்த மூன்று போதும். போன வருஷம் ஆன்லைனில் புதுப்பித்த பாலிசி ஜிமெயிலில் எங்கோ புதைந்திருக்கும், தேடினால் கிடைக்காது. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ சேர்த்து வைத்திருந்தால் உடனே காட்டலாம். அவற்றில் உள்ள ஆவணங்கள் காகிதத்துக்குச் சமமாகச் செல்லும். எதிராளி காட்ட மறுத்தாலும் வழி இருக்கிறது. எம்பரிவாகனில் அவருடைய வண்டி நம்பரைப் போட்டால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பது தெரிந்துவிடும். உரிமையாளர் பெயர் மட்டும் முழுசாகத் தெரியாது.

சாவியைப் பிடுங்குவதும் லைசென்ஸைப் பறித்து வைத்துக்கொள்வதும் வேண்டாம். அதற்கு எதிராளிக்கு எந்த அதிகாரமும் இல்லை. சின்ன மோதல் கைகலப்பாக மாறுவது பெரும்பாலும் அங்கேதான். ஆதார் கார்டு போட்டோவும் தேவையில்லை. முன்பின் தெரியாதவரிடம் செல் நம்பர் கொடுக்கப் பெண்கள் தயங்கினால் அதில் தப்பில்லை. வண்டி நம்பரும் பாலிசி விவரமும் கொடுத்துவிட்டு, பேச்சை போலீஸ் ஸ்டேஷனிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டேஷனில் "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. யாருக்காவது அடிபட்டாலோ, அடுத்தவர் சொத்து சேதமானாலோ, சம்பவ இடத்தில் போலீஸ் இல்லாத பட்சத்தில் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தகவல் தர வேண்டும் என்கிறது. எஃப்.ஐ.ஆர். அளவுக்குப் போகாத விஷயத்துக்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீதாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எதிரில் பைக் இருந்தால்

இரண்டு கார்கள் மோதினால் பேச்சு பம்பரைப் பற்றி. ஒரு பக்கம் பைக் என்றால் விஷயமே வேறு. கீழே விழுந்தவர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு "ஒண்ணும் இல்லண்ணா, நீங்க போங்க" என்று சொல்வார். அது அந்த நேரத்துப் பதற்றம் பேசுகிற பேச்சு. ராத்திரி மணிக்கட்டு வீங்கி, காலையில் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியும்போது, இடித்த கார் வெள்ளையா சில்வரா என்பதே மறந்திருக்கும்.

கார் நம்பர் கையில் இருந்தால் அவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்கள், நிரந்தர பாதிப்பு எல்லாம் கணக்கில் வரும்; தொகையை காரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டும். நம்பர் இல்லையென்றால், எவ்வளவு தேடியும் அடையாளம் தெரியாத வாகனம் என்ற கணக்கில்தான் அந்த விபத்து சேரும். அப்படிப்பட்ட விபத்தில் கொடுங்காயத்துக்கு அரசுத் திட்டம் தருவது 50,000 ரூபாய், உயிரே போனால் 2 லட்சம். டெலிவரி வேலையில் இருக்கும் ஒரு பையனுக்கு மூன்று மாதம் வண்டி ஓட்ட முடியாவிட்டால், அந்த ஐம்பதாயிரம் வாடகைக்கும் மருந்துக்குமே சரியாகப் போய்விடும்.

அதனால் விவரம் கொடுக்க வேண்டிய பொறுப்பு காரில் இருப்பவருக்கே கூடுதல். விழுந்தவர் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார். முதலில் ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் 108. பிறகு தன் பெயர், நம்பர், பாலிசி விவரத்தைத் தானாகவே அவருடைய போனுக்கு அனுப்பிவிடலாம். அது தப்பை ஒப்புக்கொள்வது ஆகாது. யார் மேல் தப்பு என்பதைத் தீர்மானிப்பது ரோட்டில் நிற்பவர்கள் இல்லை.

பிரான்ஸில் இதற்கென்றே ஒரு படிவம் உண்டு. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே தாளில் தங்கள் விவரத்தை நிரப்பி, மோதல் நடந்த விதத்தைப் படமாக வரைந்து, கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்வார்கள். பலருடைய டேஷ்போர்டிலேயே அது கிடக்கும். விவரம் கேட்பதே சண்டை என்ற கூச்சம் அங்கே எழ வழியில்லை, ஏனென்றால் கேட்பது ஆள் இல்லை, படிவம். பாலிசியோடு இருபது பக்க நிபந்தனைகளை பிடிஎஃபில் அனுப்பும் நம்மூர் கம்பெனிகள், அப்படி ஒரே ஒரு தாளைத் தமிழில் சேர்த்து அனுப்பினால் செலவு ஒன்றும் ஆகிவிடாது.

நாட்டில் ஏறக்குறைய பாதி வாகனங்கள் இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓடுகின்றன என்று அந்தத் துறையினரே பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். எதிர் வண்டி அந்தப் பாதியில் ஒன்றா என்பது எம்பரிவாகனில் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்படி இருந்தால் பேச்சை அத்தோடு நிறுத்திவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போவதே நல்லது. அங்கே இழப்பீடு கட்ட வேண்டியவர் வண்டியின் உரிமையாளர், தேடிப் பிடிக்கக் கம்பெனி கிடையாது. எந்த வண்டியாக இருந்தாலும் சொந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கழற்றிய பிறகு சொன்னால், சர்வேயர் வரும்போது பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.