ரேங்க் கார்டில் இல்லாத பாடம்



காலையில் சேரப்பணஞ்சேரி பக்கம் வந்தால், ஒரகடம் நோக்கிக் கம்பெனி பஸ்கள் போவதைப் பார்க்கலாம். உங்கள் அப்பாவோ அக்காவோ கூட அதில் போகலாம். கார் கம்பெனியில் வேலை செய்பவர்களிடம் 'கைசன்' என்றால் என்னவென்று கேளுங்கள். வேலையை இன்னும் சுலபமாகச் செய்யத் தொழிலாளியே யோசனை சொல்லும் ஜப்பானிய முறை அது. அங்கே புது யோசனைக்குப் பாராட்டு. வகுப்பில் கணக்கை வேறு வழியில் போட்டால் மட்டும் ஏன் சிவப்பு மை?

அமெரிக்காவில் கெட்ஸல்ஸ், ஜாக்சன் என்ற இருவர் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து 1962-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ஒரு குழு நுண்ணறிவுச் சோதனையில் கெட்டி. இன்னொரு குழு புதிதாக யோசிப்பதில் கெட்டி. ஆனால் நுண்ணறிவு எண்ணில் சராசரியாக 23 புள்ளி குறைவு. பாடத் தேர்வில்? இரண்டு குழுவும் கிட்டத்தட்ட சமம்! ஆனால் ஆசிரியர்களுக்கு அதிகம் பிடித்தது முதல் குழுவைத்தானாம். (இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.) அது கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி, எல்லாப் பள்ளிக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உடனே, "ராமானுஜனே ஃபெயில் ஆனவர்தானே!" என்று அம்மாவிடம் ரேங்க் கார்டை நீட்டாதீர்கள். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904-ல் கணக்குக்குப் பரிசு வாங்கிய அவர், கல்லூரியில் மற்ற பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1907-ல் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, கையில் காசில்லை. 1912-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனதை எல்லோரும் சொல்வார்கள். நடுவில் அவர் பட்ட கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். அவர் ஃபெயில் ஆனதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. அப்படி ஒரு மூளையை அளக்கத் தெரியாத பரீட்சை மேல்தான் கோபம்.

சரி, ஒரு விளையாட்டு. ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? படைப்பாற்றலை ஆராய்கிறவர்கள் கேட்கும் புகழ்பெற்ற கேள்வி இது. சுவர் கட்ட, கதவுக்கு முட்டுக்கொடுக்க, கிரிக்கெட் ஸ்டம்பாக வைக்க... இவையெல்லாம் எல்லோருக்கும் தோன்றும். பத்தைத் தாண்டிய பிறகுதான் மண்டை சூடாகும், வேடிக்கையும் ஆரம்பமாகும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். உங்கள் கணக்கு டீச்சரிடமும் ஒரு பதில் கேட்டு வாங்குங்கள்!