வாக்கும் சங்கமும்

அரசின் கொள்கையை வாக்குச்சீட்டு மட்டுமா வகுக்கிறது? இல்லை என்பேன் நான். 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு போன்றோர் தலைமையில் தமிழக உழவர்கள் திரண்டனர். துப்பாக்கிச் சூட்டில் உயிரும் ஈந்தனர். அச்சங்கத்தின் வலிமையைக் கட்சிகள் வாக்குகளாகக் கணக்கிட்டன. 1984-இல் சிறு உழவர்க்கும், 1990-இல் உழவர் அனைவர்க்கும் மின்சாரம் இலவசமாயிற்று. தியாகம் வீண்போகவில்லை, போற்றுகிறேன்.

ஆயினும், பம்புசெட்டு உடையவர்க்கே அச்சலுகை. நிலமும் கிணறும் அற்ற கூலியாளுக்கு நேரே கிட்டியது என்ன? வாக்கு அவருக்கும் ஒன்றுதான். வலுவான சங்கந்தான் பல ஊர்களில் இல்லை. ஐந்தாண்டுக்கொருமுறை வாக்களித்துவிட்டு ஓய்ந்திருப்போர் குரல் கோட்டைக்கு எட்டுவது அரிது. எனவே, மாணவ நண்பர்களே! குரலற்றோர் ஒன்றுசேரத் துணைநிற்போம். கற்றவர் கடன் அதுவே.